முதல் கட்டத்தில் என் பெயர்

போன மாதம் ஷமீம் போன் செய்தாள். கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடங்கள் என்னோடு வேலை பார்த்தாள். இப்போது என் வேலையையே அவள் பார்க்கிறாள். படிப்பிலும் நடத்தையிலும் சிரமப்படும் பிள்ளைகளை வகுப்பில் எப்படி வைத்துக்கொள்வது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

"மேடம், இப்பல்லாம் பாதி ட்ரெயினிங் போன்லயே முடிஞ்சிருது. வீடியோ பாக்கணும், கடைசில பத்துக் கேள்விக்கு டிக் அடிக்கணும். எல்லாரும் பத்துக்குப் பத்து வாங்கிர்றாங்க. ஆனா ஸ்கூலுக்குப் போய்ப் பாத்தா புள்ளைங்க வராண்டாவுலதான் நிக்குதுங்க. நீங்க வந்து ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன். ஒரே ஒரு புள்ளையப் பத்திப் பேசினாப் போதும்."

எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது என்பதில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அதை அரை மணி நேரத்தில் சொல்லிவிட முடியுமா என்பதுதான் சந்தேகம். முடியாது என்று பட்டதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் தவறை மட்டும் மாற்றவில்லை.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் எங்கள் வீட்டார் விபூதி, சந்தனம், சாமி படம் விற்கும் கடை வைத்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, கீழே சில வருடங்கள் வேலை பார்த்து, மதுரையில் சிறப்புக் கல்வி ஒரு வருடம் படித்தேன். அங்கே படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. அதன்பிறகு மலைக்குப் போட்டார்கள். பழனியிலிருந்து வரும் பஸ் பெருமாள்மலையில் நின்றபோது இறங்கி, கைகள் விறைக்க ஒரு டீ குடித்ததும், இந்தக் குளிரில் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று நினைத்ததும் நன்றாக ஞாபகமிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அருளப்பன் சார். ஒல்லியான மனிதர். வெயிலடித்தாலும் அரைக்கை ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் ஒரு பிளாஸ்க், ஒரு பென்சில், ஒரு அழிரப்பர். பள்ளிக்கு ஆய்வுக்குப் போனால் தலைமையாசிரியர் தன் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். சார் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நேரே வகுப்புக்குள் போய், முழங்கால்கள் இடிக்க, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடமும் "உங்க பேரு என்னங்க?" என்றுதான் கேட்பார். அது சிரித்துவிட்டுப் பெயரைச் சொல்லும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் வடகவுஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்வந்து அவரிடம் அறிக்கை கொடுத்தேன். ஒரு மாணவனைப் பற்றி, 'அடங்காதவன், கவனமில்லாதவன், பிடிவாதக்காரன்' என்று எழுதியிருந்தேன். சார் பென்சிலால் மூன்று சொற்களையும் வட்டமிட்டார்.

"டீச்சர், அவன் அடங்காம இருந்தத எந்தக் கண்ணால பாத்தீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எழுந்து ஓடினானா, கல்ல எறிஞ்சானா, கத்தினானா? அதத்தான நீங்க பாத்தீங்க. அடங்காதவங்கிறது நீங்க நெனச்சது. போட்டோ எடுத்தா எது விழுமோ அத மட்டும் எழுதுங்க."

அன்றைக்குத்தான் அந்தத் தாளை எனக்குக் காட்டினார். ஒரு வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள். மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தில் பிள்ளை செய்தது. முதல் கட்டத்தில் அதற்கு முந்தைய நிமிடம் நடந்தது. மூன்றாவதில் அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்தது. ஓரத்தில் மணி. முதல் நாள் பிள்ளையிடம் பேசக்கூடாது. ஐந்து நாள் எழுதாமல் ஒரு முடிவும் சொல்லக்கூடாது. இவ்வளவுதான். பார்க்க எளிது. ஆனால் 'கோபத்தோடு', 'வேண்டுமென்றே' போன்ற சொற்கள் என் கையை மீறி வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவர் ரப்பரால் அழித்துக்கொண்டே இருந்தார். என் அறிக்கைகளில் எழுத்தைவிட அழித்த தடம்தான் அதிகம். ஒரு வருடம் ஆயிற்று, அவருடைய ரப்பருக்கு வேலை குறைய.

வேலைக்கு வந்து ஆறேழு வருடம் கழித்து, பள்ளங்கி தாண்டி ஒரு சிற்றூர்ப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணை இனி வைத்துக்கொள்ள முடியாது, தக்க ஏற்பாடு செய்யவும் என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார். பெண்ணின் பெயர் மகேஸ்வரி.

வகுப்பாசிரியை ஜெயராணி டீச்சர். பதினைந்து வருட சர்வீஸ். நான்கும் ஐந்தும் ஒரே அறையில், முப்பதுக்கு மேல் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் சேலைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினார். பல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"நாலு நாளைக்கு முந்தி கடிச்சது மேடம். பக்கத்துப் புள்ளைக நோட்டெல்லாம் கிழிச்சுக் கெடக்கு பாருங்க. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மகேஸ்வரியின் அம்மா வெள்ளைப்பூண்டுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். தகப்பன் இல்லை. பள்ளிக்குக் கூப்பிட்டுவிட்டு அவளிடமும் பேசியிருந்தார்கள். "அரைப் பரிச்சையோட நிப்பாட்டி எங்கூடச் சோலிக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன், உங்களுக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அரைப் பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

ஐந்து நாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் அந்த வகுப்பின் மூலையில் உட்கார்ந்தேன். காலையில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும். பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மகேஸ்வரி இரண்டாவது வரிசை. பிரார்த்தனையில் சத்தமாகப் பாடினாள். கணக்கை விரல் விட்டு மற்றவர்களுக்கு முன்னால் போட்டாள். டீச்சர் சொன்ன கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு தமிழ்ப் பாடம் வரும். வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கு இரண்டு வரி படிக்க வேண்டும். அவள் முறை வர இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது எதையாவது செய்வாள். ஒரு நாள் பக்கத்துப் பெண்ணின் நோட்டைக் கிழித்தாள். ஒரு நாள் பெஞ்சை உதைத்துக் கவிழ்த்தாள். உடனே டீச்சர், "வெளிய போ" என்பார். அவள் போய் வராண்டாவில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஐந்து நாள் தாள்களையும் சாரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"இதுல தண்டனை எங்க இருக்கு, டீச்சர்?"

மூன்றாவது கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். வெளியே அனுப்பினார், வெளியே அனுப்பினார், வெளியே அனுப்பினார். அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு நாளும் கிடைத்திருந்தது. டீச்சரிடம் விசாரித்ததில், அவர் மணிக்கட்டைக் கடித்தது, வெளியே அனுப்பாமல் கையைப் பிடித்து நிறுத்திப் படிக்கச் சொன்ன ஒரே ஒரு நாளில்.

மறுநாள் அவளை மட்டும் வேப்பம்பழ நிறத்தில் வெயில் விழுந்த அந்த வராண்டாவிலேயே உட்காரவைத்து, புத்தகத்தைத் திறந்தேன். தனித்தனி எழுத்துகள் தெரிந்திருந்தன. கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் தடுமாறினாள். 'கொக்கு' என்பதை 'கெரக்கு' என்றாள். துணைக்காலை அவள் 'ர' என்று பார்க்கிறாள். பத்துத் தரம் காட்டினாலும் பதினோராவது தரம் அது மறுபடியும் 'ர'வாகிவிடும். பக்கத்தில் படம் இருந்தால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். மூன்று வருடம் அப்படித்தான் ஒப்பேற்றியிருந்தாள். நான்காம் வகுப்புப் புத்தகத்தில் படங்கள் குறைவு.

இதை ஜெயராணி டீச்சரிடம் சொல்வதுதான் கடினம். நான் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப தப்பு எம்மேலதான், அப்படித்தான மேடம்?" என்றார். அன்று மாலை சாரிடம் போய்ச் சொன்னேன். அருளப்பன் சார் மறுநாள் தானே பஸ் ஏறி வந்தார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கையக் காட்டுங்கம்மா. ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். டீச்சர் அரை மணி நேரம் பேசினார். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, சத்துணவுக் கணக்கு, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார், எல்லாம். சார் 'ம்' கொட்டியதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. கடைசியில் டீச்சரே கேட்டார்: "சரி சார், நான் என்ன செய்யணும்?"

மூன்று ஏற்பாடுகள் செய்தோம். வரிசையில் அவளைப் படிக்கச் சொல்வதில்லை. தினமும் பிரார்த்தனை முடிந்ததும் டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம், நான்கே நான்கு சொற்கள், விரல் வைத்து டீச்சரிடம் மட்டும் படிக்க வேண்டும். மூன்றாவது, மனசு தாங்கவில்லை என்றால் யாரையும், யார் பொருளையும் தொடாமல், மூலையில் இருக்கும் சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துவந்து வைக்கலாம். கேட்கக்கூட வேண்டாம். ஆனால் திரும்பி வந்துவிட வேண்டும். மகேஸ்வரி கவனமாகக் கேட்டுவிட்டு, "குடம் நெறஞ்சதும் வந்துருவேன்" என்றாள்.

முதலில் இன்னும் மோசமாகும் என்று சார் சொல்லியிருந்தார். ஆயிற்று. மூன்றாம் நாள் இரண்டு நோட்டுகளைக் கிழித்தாள். வெளியே அனுப்பவில்லை என்றதும் பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். டீச்சர் அவளைப் படுக்கவிட்டுப் பாடத்தை நடத்தினார். இரண்டாவது வாரம் குடம் மூன்று தரம் போய்வந்தது. நான்காவது வாரம் ஒரு தரம்கூடப் போகவில்லை. ஒரு நாள் மாலை ஊர்க் கடையிலிருந்து டீச்சர் எனக்குப் போன் செய்தார். "மேடம், கொக்குன்னு படிச்சுட்டா. படத்தப் பாத்துச் சொல்லல. விரல் வச்சுப் படிச்சா." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதோடு நான் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதம் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நடத்துவது நான். மகேஸ்வரியின் தாள்களைப் பெயரை மறைத்துக் காட்டிப் பேசினேன். நன்றாகப் போயிற்று. பின்வரிசையில் ஒரு ஆசிரியர், "தாள்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும் மேடம், வகுப்புல நடக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. சார் முன்பே சொல்லியிருந்தார்: "கேஸப் பேசுங்க. புள்ளையக் காட்டாதீங்க." ஆனால் சார் இரண்டு நாள் கூட்டத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தார். மறுநாள் காலை பதினெட்டு ஆசிரியர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன்.

ஜெயராணி டீச்சர் வாசலிலேயே என்னைத் தடுத்தார். "மேடம், இன்னைக்கு வேணாமே. அவ இத்தன பேரப் பாத்ததே இல்ல."

"ரெண்டு வரிதான் டீச்சர். நல்லாத்தான படிக்கிறா."

பதினெட்டு பேரும் சுவரோரமாக நின்றார்கள். மகேஸ்வரியை எழுந்திருக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவர்களைப் பார்த்தாள். "படி கண்ணு, நேத்து படிச்சல்ல" என்றேன். விரலை வைத்தாள். உதடு அசைந்தது. "கெர..." என்று ஆரம்பித்து நின்றாள். யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, குழந்தை தடுமாறினால் வரும் சாதாரணச் சிரிப்பு. புத்தகம் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. நிமிர்ந்தபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மணி பதினொன்று. ஐந்து நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. பள்ளிக்குக் கீழே படிப்படியாகத் தோட்டங்கள், மேலே சோலைக்காடு. அந்தப் பக்கம் காட்டுமாடு பகலிலேயே நடமாடும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பதினெட்டு பேரும் ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு போனோம். தோட்டத்திலிருந்து அவள் அம்மா மண் கையோடு ஓடி வந்தாள். வீட்டில் இல்லை. தோட்டத்தில் இல்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. நான் ஒரு பூண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயராணி டீச்சர் வகுப்புக்குத் திரும்பிப் போயிருக்கிறார். மூலையைப் பார்த்திருக்கிறார். சின்னக் குடம் இல்லை. குழாயடியில் எங்கள் வேன் நின்றதையும், டிரைவரும் இரண்டு ஆசிரியர்களும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்ததையும் நினைத்துப் பார்த்திருக்கிறார். குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்று காட்டோரத்தில், ஒரு மைல் மேலே. தனியாகவே ஏறிப் போனார்.

மகேஸ்வரி ஊற்றுப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் குடம், தளும்பத் தளும்ப. டீச்சரைப் பார்த்ததும் அவள் சொன்னது இது: "நெறஞ்சதும் வந்தேன் டீச்சர். வேன் இன்னும் நிக்குது. அதான் திரும்பப் போயிட்டேன்."

அவளை டீச்சர் கூட்டிவந்தபோது நான் கிட்டே போனேன். அவள் அம்மா என்னை மறித்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "எம்புள்ள என்ன வேடிக்கப் பொருளா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து மகேஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. பூண்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் அருளப்பன் சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி என் பக்கம் தள்ளினார். இரண்டு கோடு போட்ட வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.

"நேத்து நடந்தத எழுதுங்க."

நடுக்கட்டத்தில், 'புத்தகத்தை வீசினாள், வகுப்பை விட்டு ஓடினாள்' என்று எழுதினேன். முதல் கட்டத்தில், 'பதினெட்டு ஆசிரியர்கள் வந்தனர்' என்று எழுதினேன்.

"அவங்களா வந்தாங்களா?"

அழித்துவிட்டு, 'பதினெட்டு ஆசிரியர்களை அழைத்துவந்தார்' என்று எழுதினேன்.

"யாரு?"

என் பெயரை எழுதினேன். 'வகுப்பாசிரியை வேண்டாம் என்றார். கேட்கவில்லை. எல்லார் முன்னும் படிக்கச் சொன்னார்.' மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது கண் மறைத்தது. நடுக்கட்டத்துக்கே திரும்பி, 'ஓடினாள்' என்பதை அழித்துவிட்டு, 'குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். யாரையும் தொடவில்லை. நிறைந்ததும் திரும்பி வந்தாள்' என்று எழுதினேன். சார் வாங்கிப் படித்தார். வழக்கமாக எடுக்கும் ரப்பரை அன்று எடுக்கவில்லை.

"ஏற்பாட்ட அந்தப் புள்ள மீறல. அந்தப் பதினெட்டு பேரும் இது தெரியாமத்தான் ஊருக்குப் போயிருக்காங்க" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தாளை அவர்கள் முன்னால் நானே படித்தேன். வரிகள் கண்ணில் நிற்காமல் ஓடின. பெரியவர்கள் பதினெட்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்கு முன்பே தோட்டத்துக்குப் போனேன். முதல் இரண்டு தடவை மகேஸ்வரியின் அம்மா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. களை பறித்துக்கொண்டே போய்விட்டாள். மூன்றாவது தடவை ஜெயராணி டீச்சரும் வந்தார். "ஏட்டி லச்சுமி, புள்ளைய எங்கிட்ட விடு. நான் பாத்துக்கிர்றேன்" என்றார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகேஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அவுங்கல்லாம் திரும்ப வருவாங்களா?"

"வர மாட்டாங்க. நான் கூட்டிட்டு வந்தது தப்பு. உன்னையக் கேக்காமக் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க?"

"நீ வரச் சொன்னா வர்றேன்."

ஒரு பூண்டு இலையைக் கிள்ளி எடுத்தாள். "இப்ப வேணாம்" என்றாள்.

நாலு மாதம் அந்தப் பள்ளிக்கு நான் போகவில்லை. அவள் மறுநாளே பள்ளிக்குப் போனாள். ஜெயராணி டீச்சர் வாரக் கடைசியில் அவளைப் பற்றிய மூன்று கட்டத் தாள்களை மடித்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். எந்தப் பயிற்சிக்கும் வர நேரமில்லை என்று சொன்ன அந்த அம்மாள் எழுதிய தாள்களில் அழிக்க ஒரு சொல் இருக்காது. சார் அவற்றைப் படிப்பதற்காகவே சனிக்கிழமை அலுவலகம் வருவார். அடுத்து நான் நடத்திய பயிற்சிகளில் நான் பாதி நேரம்தான் பேசினேன். மீதிப் பாதியை ஜெயராணி டீச்சர் பேசினார். கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் வந்த தாளின் கீழே, அவர் கையெழுத்தில் இல்லாத ஒரு வரி இருந்தது. கோணல் மாணலாக, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக: 'மேடம் வரலாம்.'

அதன்பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கூடுதல் நேரம் வாங்குவதற்காக, படிப்பதில் சிரமம் உண்டு என்ற சான்றிதழுக்கு அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று தடவை மலையிறங்கினேன். சொல்வதை எழுத ஆள் தருகிறோம் என்றார்கள். "நானே எழுதுறேன், நேரம் மட்டும் குடுங்க" என்றாள். ஒரு பாடத்தில் போயிற்று. அடுத்த முறை எழுதித் தேறினாள். அருளப்பன் சார் ஓய்வு பெற்று, சில வருடங்களில் காலமாகிவிட்டார். ஜெயராணி டீச்சர் மகளோடு மதுரையில் இருக்கிறார். குளிரில்லாத ஊரில் தூக்கம் வரவில்லை என்று போனில் சொல்வார்.

ஷமீம் பேசிய மறுவாரம் பெருமாள்மலையில் இறங்கினேன். மகேஸ்வரி அங்கே ஒரு விதை, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி நின்றிருந்தார். கேரட்டில் ஏதோ நோய், மருந்து கேட்டிருக்கிறார். புதிதாக வந்த கம்பெனி மருந்து. மகேஸ்வரி டப்பாவைக் கையில் வைத்து, ஒட்டியிருந்த தாளின் பொடி எழுத்தின்மேல் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வெரசாக் குடு தாயி, பஸ்ஸு வந்துரும்" என்றார் அவர்.

"இருங்கண்ணே. எத்தன லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு ஊத்தணும்னு படிச்சுட்டுத்தான் குடுப்பேன்."

அவர் பஸ் வரும் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று நின்றார். அவருக்குப் பின்னால் நானும் நின்றேன்.